செத்தாற்போற் கிடக்கும் வண்டும் ஓர் ஏழை ஆசிரியரும்

இரவில் விளக்கின்கீழ் அமர்ந்து கணக்கெழுதும்போது வண்டொன்று பறந்து வந்து பேரேட்டின்மேல் விழுவது தோட்டத்து ஆபீசுகளில் வழக்கமான காட்சி. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அது மல்லாந்து விழும். கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும். உயிர் நீங்கினதுபோல் அசைவற்றுக் கிடக்கும். பக்கத்தில் நிற்கும் காவற்காரப் பெரியவர், "பாருங்க கிராணி ஐயா, கள்ளத்தனத்தை! நம்மளை ஏமாத்துது" என்று சொல்வார். நாமும் சிரித்துவிட்டு, அதை ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிட்டு வேலையைக் கவனிப்போம். நெடுநாள்வரை இவ்விஷயத்தில் நமக்கும் பெரியவருக்கும் அபிப்பிராய பேதம் ஏற்பட்டதேயில்லை.

ஏற்படுவதற்கு நியாயமும் இல்லை. சிறு பிராயத்தில் நமக்குச் சொல்லப்பட்ட கதைகளெல்லாம் அவர் பக்கமே பேசுகின்றன. ஹிதோபதேசத்தில் வலையிற் சிக்கிய மான், காக்கை சொன்ன யோசனைப்படி வயிற்றை உப்பவைத்துக் கால்களை விறைத்துக் கிடந்து, வயலுக்குடையவனை ஏமாற்றி ஓடிவிடுகிறது. ஆங்கிலப் பள்ளியில் நாம் படித்த ஈசாப்பின் கதையிலோ, கரடியைக் கண்ட இரு நண்பரில் ஒருவன் மரமேறிவிட, மற்றவன் பிணம்போற் கிடந்து பிழைக்கிறான். மானும் மனிதனும் செய்வதை வண்டு ஏன் செய்யலாகாது என்று நாம் எண்ணுவது இயல்பே. ஆனால் சற்று நின்று யோசித்தால் இந்த எண்ணம் எவ்வளவு பெரிய பாரத்தை அந்தச் சிறு தலையின்மேல் ஏற்றுகிறது என்பது விளங்கும். சாவதுபோல் நடிக்க வேண்டுமானால் சாவு என்று ஒன்று உண்டென்பதை அறிந்திருக்க வேண்டும். செத்த உடல் எப்படித் தோன்றும் என்பதைக் கண்டிருக்க வேண்டும். எதிரே நிற்பவன் செத்ததைத் தீண்டமாட்டான் என்று அவன் மனத்தையும் ஊகித்திருக்க வேண்டும். இத்தனையும் வண்டுக்குத் தெரியுமா?

இக்கேள்வியை வாய்ப்பேச்சால் தீர்க்காமல், கடிகாரத்தையும் வண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு தீர்க்க முயன்ற ஒருவரின் சரித்திரத்தையே இங்கே சொல்லப் புகுகிறோம். அவர் பிரான்சு தேசத்துப் பள்ளி ஆசிரியர் ஷான் ஆன்ரி ஃபாப்ர். அவர் இதற்கென்று தேர்ந்தெடுத்த வண்டுகளில் முதன்மையானது, மத்தியதரைக் கடலோரத்து மணலில் வளை தோண்டி வாழும் பெரிய தரைவண்டு.

முதலில் வண்டை அறிமுகம் செய்துவிடுவோம். தரைவண்டுக் குடும்பம் மிகப் பெரிய குடும்பம். இதுவரை பெயரிடப்பட்டவையே ஏறக்குறைய 40,000 இனங்கள் இருக்கும். அவற்றிற் பெரும்பாலானவை இரவில் தரைமீது ஓடித் திரிந்து புழு பூச்சிகளை வேட்டையாடுபவை. அவற்றுள் ஸ்காரைட்டீஸ் என்ற வகையினர் மண்ணைத் தோண்டுவதில் கைதேர்ந்தவர்கள். இப்பெயரை 1775-ல் இட்டவர் டென்மார்க்குத் தேசத்தவரான ஃபாப்ரிஷியஸ் என்னும் அறிஞர். (நம் கதாநாயகரான ஃபாப்ர் வேறு, இவர் வேறு.) கடலோரத்துப் பெரிய வண்டுக்கு அதற்கும் நான்கு வருஷம் முந்தி, 1771-ல், புபாரியஸ் என்று பெயரிட்டவர் யோஹான் ரைன்ஹோல்ட் ஃபார்ஸ்டர். அவர் அடுத்த வருஷம் காப்டன் குக்கின் இரண்டாம் கடற்பிரயாணத்தில் இயற்கை ஆராய்ச்சியாளராகக் கப்பலேறியவர். ஸ்காரைட்டீஸ் இனத்தார் ஐரோப்பாவில் மட்டுமன்றி அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரவியுள்ளனர்.

பெரிய ஸ்காரைட்டீஸ் ஓர் அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமுள்ளது. கரி பூசி மெருகிட்டதுபோன்ற கறுப்பு. அதன் தேகம் நடுவில் இடைபோல் ஒடுங்கி, இரு துண்டுகளை ஒரு காம்பால் இணைத்ததுபோல் இருக்கும். வளைக்குள் திரும்பி வளைய அவ்விடை உதவுகிறது. தலை பெரியது; அதன் முன்னே இரண்டு தாடைகள் இடுக்கிபோல் நீண்டு நிற்கும். முன்னங்கால்கள் அகன்று, ஓரத்திற் பற்கள் பெற்று, மண்வாரிபோல் அமைந்திருக்கின்றன. தாடை பிக்காசு, முன்கால் மண்வாரி, பின்கால் தோண்டிய மண்ணைத் தள்ளும் ஆள். இம்மூன்று கருவியையும் கொண்டு இது மணலில் சாய்வாக ஒரு சுரங்கம் தோண்டி, அதன் வாயை அகலப்படுத்தி, அங்கே பதிவிருக்கும். ஃபாப்ர் தம் வீட்டில் மணல் நிரப்பிய பாத்திரத்தில் இவற்றை வளர்த்து, வளைவாயிற் சிள்வண்டுகளை விட்டுப் பார்த்தார். ஸ்காரைட்டீஸ் அச்சிள்வண்டைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். பிறகு மேலே வந்து மண்ணால் வாசலை அடைத்துவிட்டு நிம்மதியாக உண்ணும். கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்காரும் கனவான்களை நாமும் கண்டிருக்கிறோம்.

இத்தகைய முரட்டு வேட்டைக்காரன் சற்றே உருட்டி மேசைமேற் போட்டால் செத்தாற்போற் கிடக்கிறான் என்பதுதான் ஆச்சரியம். ஆயுதமில்லாத எளிய பூச்சி அவ்வாறு செய்தால் பிழைக்கும் உபாயம் என்று சொல்லிவிடலாம். கவசமும் கத்தியும் தரித்தவன் ஏன் பிணவேஷம் போட வேண்டும்? ஃபாப்ரின் ஆராய்ச்சி இங்கேதான் தொடங்குகிறது.

அந்த மனிதர் யார் என்பதை அறியாமல் அவர் ஆராய்ச்சியை மட்டும் அறிவது பாதி அறிவேயாகும். ஃபாப்ர் 1823-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தென் பிரான்சில் சேன் லேயோன் என்ற மலைக்கிராமத்தில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். உபகாரச் சம்பளம் பெற்று அவிஞோன் நகரில் ஆசிரியப் பயிற்சி முடித்து, பத்தொன்பது வயது நிரம்புமுன்பே கார்ப்பெந்திரா நகரில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியரானார். கணிதம், பௌதிகம், இரசாயனம் யாவையும் பெரும்பாலும் தாமே கற்றுப் பரீட்சைகளில் தேறினார். 1849-ல் கோர்சிக்காத் தீவிலும், 1853 முதல் அவிஞோனிலும் பௌதிக ஆசிரியர் வேலை. 1855-ல் டாக்டர் பட்டமும் பெற்றார். பட்டம் வந்தும் பதவி உயரவில்லை. குடும்பமோ பெருகிக்கொண்டே வந்தது.

வறுமையிலிருந்து தப்ப அவர் தேடிய வழி நம் போன்ற தோட்டத் தொழிலாரின் கவனத்துக்கு உரியது. அவிஞோன் வட்டாரம் மஞ்சிட்டி விளையும் பூமி. அக்கிழங்கிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்துத் துணிகளுக்கு ஊட்டுவார்கள். பிரெஞ்சுச் சிப்பாய்களின் சிவப்புக் காற்சட்டையும் அச்சாயம் பெற்றதே. ஃபாப்ர் பல வருஷம் பாடுபட்டு, அச்சாயத்தைச் சுத்தமாகவும் எளிதாகவும் எடுக்கும் முறையைக் கண்டு, உரிமைப் பத்திரமும் பெற்றார். தொழிற்சாலை நடக்கத் தொடங்கிற்று. கஷ்டகாலம் தீர்ந்ததென்றே நினைத்தார். அச்சமயத்தில், 1868-ல், கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானிய இரசாயன அறிஞர்கள் அதே சாயத்தைக் கீல் எண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு செயற்கையாகச் செய்துவிட்டார்கள். சில வருஷங்களுக்குள் மஞ்சிட்டி வயல்கள் பயனற்றுப்போயின. ஃபாப்ரின் உழைப்பும் அவற்றோடு போயிற்று. செயற்கை ரப்பர் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நம்மவர் முகம் கறுப்பதேன் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே காலத்தில் அவருக்கு வேறொரு சோதனையும் வந்தது. அப்போதைய கல்வி மந்திரி விக்தோர் துருய் என்பவர் அவிஞோனுக்கு வந்து, சாயத்தாற் சிவந்த கைகளோடு நின்ற இவ்வாசிரியரைக் கண்டு மதித்தார். பிறகு அவரைப் பாரிசுக்கு அழைத்துச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியனுக்கு அறிமுகம் செய்வித்துக் கௌரவப் பதக்கமும் அளிக்கச் செய்தார். இம்மந்திரிதான் 1867-ல் பெண்களுக்கு உயர்தரப் பாடங்களைக் கற்பிக்க வகுப்புகள் ஏற்படுத்தியவர். அதுவரையில் அத்தேசத்துப் பெண்களின் படிப்புப் பெரும்பாலும் கன்னிமடங்களின் வசமே இருந்தது. அவிஞோனில் அவ்வகுப்பை ஏற்று நடத்தியவர் ஃபாப்ர். காற்று எது, நீர் எது, மின்னலும் இடியும் எங்கிருந்து வருகின்றன, பூ எப்படிக் காயாகிறது என்பனவற்றை அவர் இளம்பெண்களுக்கு விளக்கினார். கூட்டம் பெருகியது. உடனே குருமாரும் வைதிகரும் சீறியெழுந்தனர். பூவில் மகரந்தம் சேர்ந்து கருவுறுவதைக் கன்னியர் காதில் ஓதுவதா என்று பிரசங்க மேடையில் தூற்றினர்.

மேடைப்பேச்சு வீட்டுவாசலுக்கும் வந்து சேர்ந்தது. ஃபாப்ர் குடியிருந்த வீடு பக்தி மிகுந்த இரு முதிய சகோதரிகளுக்குச் சொந்தம். வீட்டு ஒப்பந்தம் எழுத்தில் இல்லை. ஒரு நாள் கோர்ட்டுச் சேவகன் வந்து, ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமென்று நோட்டீசு கொடுத்தான். துருய் 1869-லேயே மந்திரி பதவியை இழந்திருந்தார், கைதூக்குவார் எவருமில்லை. மனைவி மக்களோடு தெருவில் நிற்கும் நிலை நெருங்கியபோது உதவியவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில். அவர் தம் மனைவி 1858-ல் அவிஞோனில் இறந்தபின், அக்கல்லறைக்கு அருகே வீடு வாங்கி வருஷத்திற் பெரும்பகுதி அங்கே வசித்து வந்தார். ஃபாப்ரும் அவரும் சேர்ந்து அவ்வட்டாரத்துச் செடிகொடிகளைத் தேடித் திரிந்தவர்கள். பெண்ணடிமையைக் கண்டித்து 1869-ல் நூல் வெளியிட்ட அதே மில், பெண்களுக்குப் பாடம் சொன்னதால் வீடிழந்தவருக்கு 3,000 பிராங்கு கடன் கொடுத்தார். அதை ஃபாப்ர் பிற்பாடு திருப்பிச் செலுத்தினார்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஃபாப்ர் நாஸ்திகரல்லர். கடவுள் நம்பிக்கை உள்ளவர். தம் பூச்சிகளிலெல்லாம் கடவுளின் கையைக் கண்டவர். அவரைத் துரத்தியவர்களும் அதே கடவுளின் பேராலேயே துரத்தினார்கள். நம் நாட்டிலும் பெண்ணுக்கு எழுத்தறிவித்தவர்கள்மேற் கல்லெறிந்தோர், எறியப்பட்டவருக்கு என்ன மதமென்று விசாரித்துவிட்டு எறிந்ததில்லை.

அவிஞோனை விட்டு ஓராஞ்சு நகருக்குக் குடிபெயர்ந்த ஃபாப்ர், பள்ளிப் பாடநூல்களை எழுதிப் பிழைத்தார். பொறுக்கிச் சேர்த்த பணத்தில், 1879-ல் சேரிஞான் என்ற கிராமத்தில் கல்லும் முள்ளுமான தரிசு நிலத்தோடு ஒரு வீட்டை வாங்கினார். அந்நிலத்துக்கு அவர் வழங்கிய பெயரே தரிசு என்று பொருள்படும் ஹர்மா என்பது. விவசாயி கண்டு சிரிக்கும் அந்தத் தரிசு, பூச்சிக்கும் குளவிக்கும் சொர்க்கம். அங்கே வாழ்ந்துகொண்டே தம் பூச்சி ஆராய்ச்சிகளைப் பத்துப் பாகங்களாக வெளியிட்டார். முதற்பாகம் 1879-ல் வந்தது. பத்தாவது பாகம் வரும்போது வருஷம் 1907. அவருக்கு வயது எண்பத்து மூன்று. ஸ்காரைட்டீஸ் வண்டு ஏழாம் பாகத்திலே இடம்பெறுகிறது.

இனி அந்த மேசைக்கு வருவோம். ஃபாப்ர் வண்டை எடுத்து விரல்களுக்கிடையே சிறிது உருட்டி, கொஞ்ச உயரத்திலிருந்து இரண்டொரு முறை மேசைமேல் விழவிட்டு, மல்லாத்தி வைக்கிறார். வண்டு மரத்துவிடுகிறது. கால் மடங்கிக் கிடக்கிறது. தாடை பிளந்து நிற்கிறது. பக்கத்திற் கடிகாரம் ஓடுகிறது. பொதுவாக இருபது நிமிஷம். சில சமயம் ஐம்பது நிமிஷம். ஒரு மணிக்கு மேற்பட்டதும் உண்டு. பிறகு பாதங்கள் மெல்ல நடுங்கும், வாயருகேயுள்ள உணரிகளும் தலைக்கொம்புகளும் அசையும், கால்கள் துழாவும், தேகம் வளைந்து ஒரே திருப்பில் கவிழ்ந்து ஓட்டமெடுக்கும். உடனே பிடித்து மறுபடியும் மல்லாத்தினால் மறுபடியும் கிடக்கும். அடுத்தடுத்துச் செய்யச் செய்ய நேரம் நீண்டுகொண்டும் போகும்.

இது ஏமாற்று வித்தையென்றால், ஏமாற்றப்படுபவன் ஒருவன் எதிரே இருக்க வேண்டும். ஆகவே ஃபாப்ர் தாம் விலகிப் பார்த்தார். அறையின் மூலைக்குச் சென்று அசையாமல் இருந்தார், வண்டு எழவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் உலாவிவிட்டு வந்தார். வண்டு கிடந்தபடியே கிடந்தது. பார்ப்பவனில்லாத கொட்டகையில் யாருக்காக இந்த நாடகம்?

அடுத்து, எதிரியைக் கொண்டுவந்து சோதித்தார். மல்லாந்து கிடக்கும் வண்டின்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. பாதங்கள் மின்சாரம் தாக்கினாற்போல் துடித்தன. ஈ வாயருகிற் போய்த் தொல்லை கொடுக்கவே, பிணம் எழுந்து ஓடிற்று. அற்பமான ஈக்கு அஞ்ச வேண்டியதில்லையென்று அவமதித்து எழுந்ததோ என்று சந்தேகித்து, ஓக்கு மரத்துப் பெரிய நீள்கொம்பு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து அதன் காலை இவ்வண்டின்மேற் படவைத்தார். அப்போதும் நடுக்கம், தொடுகை நீடித்தால் ஓட்டம். உண்மையான அபாயம் நெருங்கும்போதன்றோ பிணவேஷம் பலமாக இருக்க வேண்டும்? இங்கேயோ அபாயம் தொட்டவுடன் வேஷம் கலைகிறது. மேசைக்காலை இலேசாகத் தட்டினாலும் அந்த அதிர்ச்சியில் பாதங்கள் துடித்தன. நிழலில் கிடந்ததை ஜன்னலோரத்து வெயிலிற் கொண்டுவைத்தாலோ அக்கணமே எழுந்தது.

இன்னொரு சாட்சியும் இருந்தது. அதே கடலோரத்தில் வழுவழுப்பான சிறிய ஸ்காரைட்டீஸ் ஒன்று வாழ்கிறது. உருவமும் தொழிலும் பெரியதைப்போலவே. பலத்தில் மட்டும் குறைவு. பிணவேஷம் பலவீனரின் ஆயுதமென்றால் சிறியதே அதில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். சோதித்தால் நேர்மாறு. சிறியது மல்லாந்தவுடன் பெரும்பாலும் எழுந்து ஓடவே பார்க்கிறது. பெரியதுபோல் நெடுநேரம் கிடப்பதில்லை.

ஆகவே ஃபாப்ர் தீர்ப்பளித்தார்: இது சூழ்ச்சியன்று, ஒரு மயக்கம். திடீர் அதிர்ச்சியால் நரம்புகள் ஸ்தம்பித்துப்போகின்றன. சிறுவயதில் கிராமத்துப் பையன்களோடு சேர்ந்து, வான்கோழியின் தலையை அதன் சிறகுக்குள் செருகி ஆட்டித் தரையிற் படுக்கவைத்து மயக்கிய விளையாட்டு அப்போது அவர் நினைவுக்கு வந்தது. முதிர்ந்த வயதில் அதையே ஆராய்ச்சியாக மறுபடியும் செய்தார். வான்கோழி செத்ததுபோல் நடிக்கவில்லை, மயங்கிற்று. வண்டும் அப்படியே.

தேளின் கதையும் இதையொட்டியதே. நெருப்பு வளையத்துக்குள் விட்ட தேள், தப்ப வழியில்லையென்று கண்டு தன்னைத்தானே கொட்டிக்கொண்டு சாகிறது என்று ஐரோப்பாவிலும் சொல்வார்கள். நம்மவர் சொல்லவும் கேட்டிருக்கிறோம். வீரமரணம் என்று வியப்பவரும் உண்டு. ஃபாப்ர் தணற்கங்குகளை வட்டமாக அடுக்கி நடுவில் ஒரு தேளை விட்டார். அது வெப்பத்தில் வெறிகொண்டு அங்குமிங்கும் ஓடி, வாலைச் சுழற்றி, வலிப்புக் கண்டு, விறைத்து விழுந்தது. பார்ப்பவர் யாரும் அதை இறந்ததென்றே சொல்லுவர். அவர் இடுக்கியால் அதை எடுத்துக் குளிர்ந்த மணலிற் போட்டார். ஒரு மணி நேரத்தில் தேள் எழுந்து நடந்தது! இவ்வளவு காலமும் கதையைச் சொன்னவர்களில் எவரேனும் அந்தப் பிணத்தைக் குளிர்ந்த இடத்திற் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தார்களா?

இவருக்கு முன்பே வேறொருவர் இக்கேள்வியின் ஒரு முனையைத் தொட்டிருந்தார். அவர் சார்லஸ் டார்வின். பதினேழு வகைச் சிறு ஜந்துக்கள் செத்ததுபோற் கிடக்கும் நிலையைக் குறித்துக்கொண்டு, அவற்றின் உண்மையான பிணங்களோடு அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றிலேனும் இரு நிலையும் முற்றும் ஒத்திருக்கவில்லை. சிலவற்றில் நேர்விரோதமாகவே இருந்தன. செத்ததுபோல் நடிக்கும் பூச்சிக்குச் செத்த பூச்சி எப்படியிருக்கும் என்பதே தெரியவில்லையே! அப்படியானால் அது சாவைப் பார்த்து நடிக்கவில்லை. டார்வின் 1882-ல் காலமானார். அடுத்த வருஷம் ரோமானெஸ் என்பவரது நூலின் அனுபந்தமாக இக்குறிப்பு வெளிவந்தது.

டார்வின் ஃபாப்ரை ஈடற்ற கூர்நோக்காளர் என்று புகழ்ந்தவர். இருவருக்கும் கடிதப் போக்குவரத்தும் இருந்தது. ஆயினும் பரிணாமக் கொள்கையை ஃபாப்ர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. பூச்சியின் இயல்பூக்கம் ஆதியில் எப்படி அமைந்ததோ அப்படியே மாறாமல் நிற்பது என்று சாதித்தார். இங்கே நாம் அவரோடு உடன்படுவதற்கில்லை. அவரைப் போற்றுபவர் பலர் இப்பகுதிக்கு வந்ததும் மௌனமாக நழுவிவிடுகிறார்கள். அவர் வீட்டைப் பறித்தவர்கள்மேல் நமக்குள்ள கோபம், அவர் சொன்னதையெல்லாம் வேதவாக்காகக் கொள்வதற்கு முகாந்தரமாகாது.

ஸ்காரைட்டீஸ் விஷயத்திலேயே அவருடைய தீர்ப்பின் குறை தெரிகிறது. வண்டுக்குச் சூழ்ச்சி தெரியாது என்று அவர் நிரூபித்தது உண்மை. ஆனால் அதிலிருந்து, அம்மயக்கத்தால் வண்டுக்குப் பயனில்லை என்பது தொடருமா? தொடராது. வேப்பமரத்துக்குத் தன் கசப்பு இன்னதென்று தெரியாது. தெரியாமலே அக்கசப்பு அதைக் காக்கிறது. அதுபோல, மயங்கிக் கிடக்கும் பூச்சியைத் தின்னவந்தது விட்டுப்போகுமானால், அப்படி மயங்கும் சுபாவமுள்ளவை அதிகம் பிழைத்து அதிகம் ஈன்று பெருகும். சூழ்ச்சி ஒருவர் தலையிலும் இருக்க வேண்டியதில்லை. மேசைக்கருகில் நின்ற ஃபாப்ர் ஒரு வண்டின் ஒரு மணி நேரத்தைக் கண்டார். ஆயிரம் தலைமுறையை அவர் கணக்கிற் சேர்க்க விரும்பவில்லை.

அந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தவர்கள் நம் காலத்து ஜப்பானியர். 2004-ல் மியாத்தாக்கே என்ற அறிஞரும் அவர் துணைவரும் வெளியிட்ட ஆராய்ச்சி, நம் சமையலறை மாவுப் பானையிற் குடியிருக்கும் சிவந்த சிறு மாவுவண்டைப் பற்றியது. நெடுநேரம் மயங்கிக் கிடப்பவற்றை ஒரு பக்கமும், சட்டென்று எழுபவற்றை மறு பக்கமும் பிரித்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். இரண்டு குலங்கள் பிரிந்தன. ஆகவே இது பிறவியில் இறங்கும் குணம் என்பது தெளிவாயிற்று. பிறகு தாவும் சிலந்தியிடம் இரண்டையும் விட்டார்கள். நெடுநேரம் கிடக்கும் குலத்தவை அதிகமாகப் பிழைத்தன. பின்னர் நடந்த சோதனைகளில், நெடுநேரம் கிடப்பவற்றின் மூளையில் டோபமின் என்னும் பொருள் குறைவாக இருப்பதும் கண்டறியப்பட்டது. இது நரம்பின் காரியம் என்று ஃபாப்ர் சொன்னது சரியே. வீண் காரியம் என்று எண்ணியதுதான் தவறு. இந்த நன்மைக்கு விலையும் உண்டு: அதிகம் மயங்கும் குலத்து ஆண்வண்டுகள் நடமாட்டம் குறைந்து, பெட்டைகளோடு கூடுவதிலும் பின்தங்குகின்றன. இயற்கை எதையும் இனாமாகக் கொடுப்பதாகத் தெரியவில்லை.

2021-ல் பிரிஸ்டல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃபிராங்க்ஸ் என்பவரும் அவர் தோழர்களும் குழியானையைச் சோதித்தார்கள். மணலிற் புனல்போல் குழிபறித்து எறும்புக்குக் காத்திருக்கும் அந்தக் குழியானையைக் கையிலெடுத்து விளையாடாத தமிழ்ப் பிள்ளை இராது. அவர்கள் கண்டதில் ஒரு குழியானை 61 நிமிஷம் அசைவற்றுக் கிடந்தது. நெருக்கமாகப் பல குழிகள் உள்ள இடத்தில், அசையாததை விட்டுவிட்டு அசையும் மற்றொன்றைப் பறவை தேடிப்போவதே இதிலுள்ள லாபம் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். அயலான் அகப்படுவதால் தான் தப்புவது என்பது கதையிலுள்ள மானின் வெற்றியைப்போல் இனிமையானதன்று.

ஃபாப்ர் 1915-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் தம் தொண்ணூற்றோராம் வயதில் சேரிஞானிலேயே காலமானார். ஹர்மா வீடும் தோட்டமும் இப்போது பிரெஞ்சு சர்க்காரின் காட்சிசாலையாகப் பாதுகாக்கப்படுகின்றன.

இதையெல்லாம் படித்த பின்பு ஓரிரவு நமது மேசைக்கு வழக்கம்போல் ஒரு வண்டு வந்து விழுந்தது. தட்டினோம்; கிடந்தது. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, காவற்காரப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி வெளித்திண்ணையில் வந்து உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷம் கழித்துக் கதவைத் திறந்து பார்த்தபோது வண்டு வைத்த இடத்திலேயே மல்லாந்திருந்தது. "பார்த்தீர்களா பெரியவரே, அறையில் ஒருவருமில்லை, யாரை ஏமாற்றுகிறது?" என்றோம். அவர் சிறிது நேரம் அதையே உற்றுப் பார்த்தார். பிறகு, "நாம திரும்பி வருவோம்னு அதுக்குத் தெரியும் ஐயா" என்று சொல்லிவிட்டு, விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு தம் சுற்றுக்குப் புறப்பட்டார்.